ஒரே பெட்டி, இரண்டு படி!

நெல்லை வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சிறிய படி என்று இரண்டு படிகளை வைத்துப் பிழைத்த வியாபாரிகளை நம் ஊர்கள் அறியும். ஒரு படி திண்ணையிலே இருக்கும். இன்னொரு படி பரணிலே உறங்கும். என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் சேர்ந்து அகப்பட்டுவிட்டால் ஊர் சும்மா விட்டதில்லை. “ஏனய்யா, நீ வாங்கினதும் நெல்தான், விற்றதும் நெல்தான், படி மட்டும் எப்படி இரண்டாயிற்று?” என்று கேட்டது. கேள்விக்கு விடை வந்ததில்லை, படிதான் பறிபோயிற்று.

இன்று அந்த இரண்டு படிகளும் பரணிலே இல்லை. வங்கியின் கூடத்திலே, மின்விசிறியின் கீழே, அறிவிப்புப் பலகையிலே பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. சேமிப்புக் கணக்குக்கு வங்கி தரும் வட்டி இரண்டரை விழுக்காடு. வீட்டுக் கடனுக்கு வங்கி வாங்கும் வட்டி எட்டரை விழுக்காடு. அரை கூடலாம், ஒன்று குறையலாம். வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஆனால் கொடுக்கும் படி சிறியது, வாங்கும் படி பெரியது என்பது மட்டும் மாறுவதில்லை. நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் பாங்க், 2025 ஜூன் மாதத்திலே சேமிப்புக் கணக்கின் வட்டியை அந்த இரண்டரைக்குத்தான் இறக்கிற்று.

ஒருவர் போட்ட பணத்தை இன்னொருவருக்குக் கடன் தருவது வங்கித் தொழில். நடுவிலே இருப்பதற்குக் கூலி எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூலியை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. பணம் போட்டவரும் கடன் வாங்கியவரும் ஒரே ஆளாக இருந்தால்? வலக்கையால் அவர் போட்ட பணத்துக்கு இரண்டரை தந்துவிட்டு, இடக்கையால் அவர் வாங்கிய கடனுக்கு எட்டரை பிடுங்கினால்? அங்கே நடுவிலே நிற்பதற்கு இடம் ஏது? கூலி எதற்கு?

இதுதான் இன்று நம் கேள்வி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே லேத் இயந்திரத்தின் முன்னே எட்டு மணி நேரம் நிற்கும் ஒரு தோழரை மனத்திலே நிறுத்திக்கொள்வோம். அவருடைய துணைவியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன்னே அமர்கிறவர். இருவர் சம்பளத்தையும் காட்டி 15 இலட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குகிறார்கள். வட்டி எட்டரை, தவணைக்காலம் 20 ஆண்டு.

மாதத் தவணை 13,017 ரூபாய். 240 மாதங்கள் கட்டினால் மொத்தம் 31 இலட்சத்து 24 ஆயிரம். வாங்கியது பதினைந்து; வட்டி மட்டும் 16 இலட்சத்து 24 ஆயிரம். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று பெரியவர்கள் சொன்னது செங்கல் அடுக்கும் பாட்டை மட்டும் நினைத்தல்ல போலும்! ஒரு வீட்டைத் தனக்காகக் கட்டுகிறவர், இன்னொரு வீட்டுக்கு மேலான பணத்தை வட்டியாகக் கட்டுகிறார்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். முதல் மாதம் கட்டும் 13,017 ரூபாயிலே 10,625 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலைத் தொடுவது 2,392 ரூபாய். ஓராண்டு முழுதும் தவறாமல் கட்டிவிட்டு, “கடன் எவ்வளவு குறைந்தது?” என்று கேட்டுப் பார்க்கும் தோழர் திகைத்துப் போவது இதனால்தான். தொடக்க ஆண்டுகளிலே தவணை என்பது பெரும்பகுதி வட்டி. ஆகவே, தொடக்கத்திலே அசலைக் கொஞ்சம் குறைத்தாலும், முடிவிலே பல மாதங்கள் அடிபட்டுப் போகும்.

அரை விழுக்காடுதானே என்று அலட்சியமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதே 15 இலட்சத்துக்கு எட்டரைக்குப் பதிலாக ஒன்பது என்றால், மாதத்துக்கு 478 ரூபாய் கூடுதல். இருபது ஆண்டிலே 1 இலட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல். கத்தரிக்காய் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிற நாம், இலட்சக்கணக்கிலே கடன் வாங்கும்போது முதல் கடையிலேயே கைநீட்டி விடுகிறோமே, இது முறையா?

சம்பளச் சீட்டு இல்லாத தோழர் நிலை இன்னும் மோசம். கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுகிறவர், தெருவோரக் கடை வைத்திருப்பவர், இவர்களை வங்கி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அவர்கள் வீட்டுக் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே வட்டி பன்னிரண்டைத் தாண்டுவது புதுமையல்ல. பதின்மூன்று என்று வைத்துக்கொண்டால், அதே 15 இலட்சத்துக்கு மாதத் தவணை 17,574. வங்கிக் கடன்காரரைவிட மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் அதிகம். இருபது ஆண்டிலே ஏறத்தாழ 11 இலட்சம் அதிகம். இல்லாதவன் தலையிலே கூடுதல் சுமை. இருப்பவன் தலையிலே பூமாலை!

பயத்தின் மீது எடுக்கும் வட்டி

அம்பத்தூர்த் தோழரிடம் திரும்புவோம். கடன் வாங்கிய அதே வங்கியிலே அவருக்கு ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அதிலே ஒன்றரை இலட்சம் ரூபாய் கிடக்கிறது. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, போனஸைச் சேர்த்து, முடிந்துவந்த சீட்டுப் பணத்தைப் போட்டுச் சேர்த்தது.

அந்த ஒன்றரை இலட்சத்துக்கு வங்கி ஆண்டுக்குத் தருவது 3,750 ரூபாய். அவர் வாங்கிய கடனிலே அதே ஒன்றரை இலட்சத்துக்கு வங்கி ஆண்டுக்கு வாங்குவது 12,750 ரூபாய். வித்தியாசம் 9,000 ரூபாய். மாதம் 750. அந்தக் குடும்பத்தின் ஒரு மாத மின்கட்டணமும் பால் செலவில் ஒரு பங்கும் ஆகக்கூடிய பணம்.

“அப்படியானால் அந்தப் பணத்தை எடுத்துக் கடனிலே கட்டிவிடலாமே!” என்பார் படித்தவர். கட்டலாம். மாறும் வட்டியிலே தனிமனிதர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் தோழர் கட்டமாட்டார். ஏன்? அறியாமையா? இல்லை, அனுபவம்!

நாளை ஆலையிலே ஆள்குறைப்பு வரலாம். தாய்க்கு அறுவை மருத்துவம் வேண்டியிருக்கலாம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் ஒரே வாரத்திலே கேட்கலாம். அன்றைக்கு வங்கியிடம் போய், “போன மாதம் முன்கூட்டிக் கட்டினேனே, அதிலே ஐம்பதாயிரம் திருப்பிக் கொடுங்கள்” என்றால் கொடுக்குமா? கட்டியது கட்டியதுதான். பிறகு கந்துவட்டிக் கடை. நூற்றுக்கு மாதம் மூன்று, ஐந்து. அதை அறிந்தவர் அவர். அதனால்தான் எட்டரை வட்டிக் கடனைத் தோளிலே சுமந்துகொண்டே, இரண்டரை வட்டிக்குப் பணத்தைப் போட்டுவைத்திருக்கிறார்.

ஆகவே அந்த 9,000 ரூபாய், சேமிக்கத் தெரியாதவன் கட்டும் தண்டம் அல்ல. நாளையை எண்ணி அஞ்சுகிறவன் கட்டும் வரி. பணக்காரனுக்கு இந்தப் பயம் இல்லை. அவனுக்கு நிலம் இருக்கிறது, பங்குப் பத்திரம் இருக்கிறது, கேட்டவுடன் கொடுக்க உறவினர் இருக்கிறார்கள். பாட்டாளிக்குத்தான் கையிருப்பு என்பது உயிர்க்காப்பு. அந்த உயிர்க்காப்பின் மீது வட்டி எடுக்கிறார்கள்.

ஒரே தராசு

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிற மருந்து.

ஆஸ்திரேலியாவிலே வீட்டுக் கடன் வாங்குகிறவர்களுக்கு ‘ஆஃப்செட்’ கணக்கு என்பது வெகுவாகப் பழக்கமானது. கடனோடு சேமிப்புக் கணக்கைப் பிணைத்துவிடுவார்கள். கடன் ஒரு தட்டு. சேமிப்பு ஒரு தட்டு. 15 இலட்சம் கடன் இருந்து, பிணைத்த கணக்கிலே ஒன்றரை இலட்சம் கிடந்தால், அன்றைய நாளுக்கு வட்டி பதின்மூன்றரை இலட்சத்துக்குத்தான். பணம் வங்கிக்குக் கட்டப்பட்டுவிடவில்லை; தோழருடைய கணக்கிலேதான் இருக்கிறது. வேண்டும்போது எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்து அந்த அளவுக்கு வட்டி கூடும். திரும்பப் போட்ட நாளிலிருந்து குறையும். சேமிப்புக்குத் தனியாக வட்டி கிடையாது. அது கடன் வட்டியைக் குறைப்பதே அதன் வட்டி.

அங்கே இது பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவிலே சேமிப்புக்கு வரும் வட்டி வருமானம். அதற்கு வரி உண்டு. தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கோ வரிக்கழிவு கிடையாது. பிணைத்த கணக்கிலே வட்டி வருவதில்லை. ஆகவே வரியும் இல்லை.

நம் தோழருக்கு அந்த ஏற்பாடு கிடைத்தால் என்ன ஆகும்? ஒன்றரை இலட்சம் அப்படியே கிடக்கட்டும். அதே 13,017 ரூபாய்த் தவணையையும் கட்டி வரட்டும். 240 மாதத்துக்குப் பதிலாக 188 மாதத்திலே, மிச்சக் கடனும் கையிருப்பும் சமமாகிவிடும். அந்தக் கையிருப்பைக் கொண்டே கடனை முடித்துவிடலாம். 52 மாதத் தவணை மிச்சம். கையிருப்பாக இருந்த ஒன்றரை இலட்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஏறத்தாழ 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய் குடும்பத்துக்கு ஆதாயம். அதே பணம் இரண்டரை வட்டியிலே இருபது ஆண்டு தூங்கியிருந்தால், வட்டிமேல் வட்டி சேர்ந்தும் கிடைத்திருப்பது சுமார் 96 ஆயிரம்! நாலாண்டு நாலு மாத உழைப்பு, தோழர்களே! ஒரு காசு கூடுதலாகச் சம்பாதிக்காமல், படியை மட்டும் ஒன்றாக்கியதால் கிடைப்பது.

இது கடல்கடந்த அதிசயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இங்கேயும் இருக்கிறது. ஸ்டேட் பாங்க்கின் ‘மேக்ஸ்கெய்ன்’ திட்டம் அதுதான். வீட்டுக் கடனையே ஓவர்டிராஃப்ட் கணக்காக ஆக்கி, உபரிப் பணத்தைப் போட்டால் வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பாங்க் ஆஃப் பரோடாவிலே ‘ஹோம் லோன் அட்வான்டேஜ்’ என்று வேறு பெயர். முடியாதது என்று சொல்ல இவர்களுக்கு வாய் இல்லை. செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் யாருக்கு? ‘மேக்ஸ்கெய்ன்’ திட்டத்துக்கு 20 இலட்சத்துக்குக் குறையாத கடன் என்று வரம்பு வைத்து வந்திருக்கிறது ஸ்டேட் பாங்க். நம் அம்பத்தூர்த் தோழர் வாங்கியது பதினைந்து. அவர் வெளியே! கையிருப்பை விட முடியாதவருக்கு, அதை விடாமலே வட்டியைக் குறைக்கும் கணக்கு கிடையாது. ஐம்பது இலட்சம், கோடி என்று வாங்குகிறவருக்கு உண்டு. பசித்தவன் பந்திக்கு வெளியே, உண்டவனுக்கு மறுசோறு!

மறுப்பும் விடையும்

“சிறு கடனுக்கெல்லாம் இப்படிக் கணக்கு வைத்தால் செலவு கட்டுமா?” என்று கேட்பார்கள். பேரேட்டைத் திறந்து, மைக்கூட்டைத் தொட்டு எழுதிய காலத்திலே கேட்டிருந்தால் நாமும் யோசித்திருப்போம். கணினி நாள்தோறும் கோடிக்கணக்கான கணக்குகளின் இருப்பைக் கூட்டிக் கழிக்கிறது. 2010 ஏப்ரல் 1 வரையிலே சேமிப்புக் கணக்குக்கு என்ன முறை தெரியுமா? மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே எந்த நாளில் இருப்பு மிகக் குறைவோ, அந்தத் தொகைக்குத்தான் வட்டி. முதல் தேதி சம்பளம் வந்து முப்பதாம் தேதிக்குள் கரைந்துபோகும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாள் இருப்புக்கு வட்டி கொடு என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, வங்கிகள் கொடுக்கவில்லையா? உலகம் கவிழ்ந்துவிட்டதா?

“வங்கியின் ஆதாயம் குறையுமே!” என்பார்கள். குறையட்டும். சேமிப்புக் கணக்கின் வட்டியை வங்கிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 2011 அக்டோபரிலே சுதந்திரம் தந்தார்கள். அன்று நாலு விழுக்காடு. ஸ்டேட் பாங்க் 2017-இல் அதை மூன்றரையாக்கிற்று, 2025-இல் இரண்டரையாக்கிற்று. இடையிலே கடன் வட்டி ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. சேமிக்கிறவனுக்கு மட்டும் சறுக்குமரம்! அந்த ஆதாயத்திலே ஒரு துளியைத்தான் திருப்பிக் கேட்கிறோம். அதுவும் வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்துக்கொண்டு தரும் கடனுக்கு. பாதுகாப்புக்குக் குறைவில்லாத கடனுக்கு.

“வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே, கடனை ஏன் குறைக்க வேண்டும்?” என்பார் இன்னொருவர். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியிலே ஆண்டுக்கு 2 இலட்சம் வரை கழித்துக்கொள்ளும் சலுகை, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவருக்குத்தான். வருமான வரியே கட்டும் நிலையில் இல்லாத குடும்பத்துக்கு அதனால் என்ன? இருபது விழுக்காடு வரி கட்டுகிறவருக்கே எட்டரை வட்டி ஆறே முக்காலுக்குச் சற்று மேலேதான் இறங்கும். இரண்டரை எங்கே, ஆறே முக்கால் எங்கே?

எதிரியின் பக்கத்திலே உள்ள ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுவோம். இந்தப் பிணைப்புக் கணக்கு எல்லாருக்கும் எப்போதும் இலாபம் அல்ல. சில வங்கிகள் இதற்காகக் கால் விழுக்காடு போலக் கூடுதல் வட்டி கேட்கும். 15 இலட்சத்துக்குக் கால் விழுக்காடு என்றால் முதல் ஆண்டிலே 3,750 ரூபாய் கூடுதல். சராசரியாக 60,000 ரூபாயாவது கணக்கிலே கிடந்தால்தான் அந்தக் கூடுதலுக்கு ஈடாகும். அதற்குக் கீழே என்றால் சாதாரணக் கடனே மேல். ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். 2022 மே மாதம் தொடங்கி 2023 நவம்பருக்குள் அந்நாட்டு மத்திய வங்கி 13 தடவை வட்டியை ஏற்றிற்று, 0.10-லிருந்து 4.35-க்குக் கொண்டுபோயிற்று. பிணைத்த கணக்கிலே பணம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அது மெத்தையாக இருந்தது. வைக்க எதுவும் இல்லாத குடும்பங்கள் முழு அடியையும் முதுகிலே வாங்கின. ஆகவே, வட்டியை ஒப்பிடுவதும் வேண்டும். கையிருப்பைக் கணக்கிடுவதும் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருங்கால வைப்பு நிதியிலே எட்டு விழுக்காட்டை ஒட்டி வட்டி வருகிறது. அதை எடுத்து இங்கே போட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. சும்மா கிடக்கும் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

கேட்காமல் நீளும் ஆண்டுகள்

வட்டி ஏறும்போது நடக்கும் ஒரு வித்தையைத் தோழர்கள் அறிய வேண்டும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் பணம் தரும் ‘ரெப்போ’ வட்டி, 2020 மே மாதத்திலே 4 விழுக்காடாக இருந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ஆறரைக்கு ஏறிற்று. அந்த இரண்டரையும் கடனாளியின் தலையிலே இறங்கிற்று.

ஆறே முக்கால் வட்டியிலே 15 இலட்சம் வாங்கியவருக்கு மாதத் தவணை 11,405 ரூபாய். வட்டி ஒன்பதேகால் ஆனதும், ஒரு மாத வட்டி மட்டுமே 11,562 ரூபாய்! கட்டுகிற தவணை வட்டிக்கே போதவில்லை. கட்டக் கட்டக் கடன் வளரும்! பல வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டின. இருபது ஆண்டு என்று வாங்கியவர், தாம் அறியாமலே இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்குக் கடனாளியானார். ஓய்வு பெற்ற பிறகும் தவணை!

இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டிலே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்பதைக் கடனாளி தேர்ந்தெடுக்க வேண்டும். காலத்தை நீட்டினாலும் கடன் வளர்ந்துபோகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, வட்டிவிகிதம் என்ன என்று கணக்குக் காட்ட வேண்டும்.

ஏறும்போது இவ்வளவு வேகம். இறங்கும்போது? 2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையிலே ரெப்போ வட்டி ஆறரையிலிருந்து ஐந்தேகாலுக்கு இறங்கிற்று. உங்கள் கடன் வட்டி ஒன்றேகால் இறங்கியதா? பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் புதிதாக வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாங்கிய பலர் பழைய முறைகளிலே கிடக்கிறார்கள். அந்தப் பழைய முறைகளின் இலட்சணத்தை, ரிசர்வ் வங்கியே டாக்டர் ஜனக் ராஜ் தலைமையிலே அமைத்த ஆய்வுக் குழு 2017-இல் சொல்லிற்று: வங்கிகள் தங்கள் இஷ்டப்படி கணக்கைத் திருத்திக்கொண்டன என்று. நாம் சொன்னால் ‘மேடைப் பேச்சு’ என்பார்கள். இதைச் சொன்னது ரிசர்வ் வங்கியின் குழு!

இது புதுக் கோரிக்கையா?

சேமிப்பையும் கடனையும் ஒரே தராசிலே வைப்பது ஏதோ புதிய சலுகை என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கடன் பிறந்ததே அப்படித்தான். 1775-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலே, ரிச்சர்டு கெட்லி என்பவருடைய விடுதியிலே கூடிய உறுப்பினர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டார்கள். சேர்ந்த பணத்திலே முறைவைத்து ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் வீடு ஆனதும் கலைந்துவிடுவது அக்காலச் சங்கங்களின் முறை. சேமித்தவனே கடனாளி, கடனாளியே முதலாளி. நடுவிலே கூலி கேட்க ஆள் இல்லை. நம் ஊர்ச் சீட்டு முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிறகு சங்கங்கள் வளர்ந்து நிறுவனங்களாயின. சேமிப்பவன் ஒரு வாசலிலும் கடனாளி ஒரு வாசலிலும் நிறுத்தப்பட்டார்கள். இருவரும் ஒரே ஆள் என்பது மறக்கடிக்கப்பட்டது. நாம் கேட்பது சலுகை அல்ல; பறிபோன பழைய நியாயம்.

1969 ஜூலை 19-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. மக்கள் பணம் மக்களுக்கே என்றார்கள். அந்தச் சொல் உண்மையானால், நாட்டுடைமை வங்கிகள் முதலில் செய்து காட்டட்டும். வீட்டுக் கடன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஐந்து இலட்சமானாலும், பிணைத்த சேமிப்புக் கணக்கு வேண்டும். அதற்காகக் கூடுதல் வட்டி கூடாது. அடமானக் கடன் தரும் நிதி நிறுவனங்களையும் அந்த விதி கட்டவேண்டும். அங்கேதான் நம்மிலே மிகவும் எளியவர்கள் சிக்கியிருக்கிறார்கள்.

இவை சட்டத்தாலும் உத்தரவாலும் வரவேண்டியவை. அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கையிலே இருக்கும் உரிமைகளைப் பயன்படுத்துங்கள்.

2024 அக்டோபர் 1 முதல், கடன் தருமுன் அதன் முழுச் செலவையும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தையும் ஒரே தாளிலே எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனாளிக்குப் புரியும் மொழியிலே தரவேண்டும் என்றும் அந்த விதியே சொல்கிறது. நமக்குப் புரியும் மொழி எது? தமிழ்! தமிழிலே கேளுங்கள். இரண்டு மூன்று வங்கிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரியாத மொழியிலே நீட்டும் தாளிலே கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே கடன் வாங்கிய தோழர்கள், மூன்று மாதக் கணக்குத் தாளை வாங்கி, மிச்சத் தவணை எத்தனை என்று பாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் ஏன் என்று எழுத்திலே கேளுங்கள். பழைய வட்டி முறையிலே இருந்தால், ரெப்போ முறைக்கு மாறக் கட்டணம் எவ்வளவு, மாறினால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். ஒரு வருத்தமும் இல்லாமல் எடுத்துவைக்கக் கூடிய பணம் பத்தாயிரமானாலும், கடனின் தொடக்க ஆண்டுகளிலேயே அசலிலே கட்டுங்கள். கட்டியது காலத்தைக் குறைப்பதற்கு என்று எழுதியும் கொடுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்குப் போராடுகிறோம்; மாதம் 750 ரூபாய் உயர்த்த எத்தனை வாயிற்கூட்டம், எத்தனை பேச்சுவார்த்தை! அதே 750 ரூபாய் சத்தமில்லாமல் வங்கிக் கணக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சங்க அலுவலகத்திலே மாதம் ஒரு மாலை, கணக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரை உட்கார வையுங்கள். தோழர்கள் கடன் தாளைக் கொண்டுவரட்டும். படித்துச் சொல்லுங்கள். ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் ‘மேலாளர் வெளியே போயிருக்கிறார்’ என்பார்கள். ஒரே ஆலையிலிருந்து இருநூறு பேர் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தால், மேலாளர் உள்ளேதான் இருப்பார்!

நெல் வியாபாரியிடம் ஊர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கே இரண்டு படி ஒன்றாயிற்று. நம் பணம் நமக்கு இரண்டரை, அவர்கள் பணம் நமக்கு எட்டரை என்றால், தோழர்களே, வங்கி வாசலிலே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஊர் நாம்தான்.